குறை கேட்டு வாங்குகிறவர்

அவரோடு சாப்பிடப் போனால் மானம் போய்விடும். தேரடித் தெருப் பக்கம் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் உட்காருவோம். இலை போட்டுத் தண்ணீர் வைத்த ஆள் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு கேட்பார்.

"இன்னிக்கு எது நல்லா இல்ல?"

அந்த ஆள் முழிப்பான். "எல்லாம் நல்லாதான் சார் இருக்குது."

"எல்லாமே எப்படி நல்லா இருக்கும்? ஏதாவது ஒண்ணு சுமாரா இருக்குமில்ல, அதச் சொல்லு. அத வுட்டுட்டு மத்தத சாப்புடறேன்."

பக்கத்து இலைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுத் தங்கள் இலையைப் பார்ப்பார்கள். ஒருநாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருத்தர், வெள்ளந்தியான மனுஷன், "கூட்டு நேத்துது சார்" என்று சொல்லிவிட்டார். அது கல்லாவில் இருந்த முதலாளி காதில் விழுந்தது. இவர் எழுந்து கை கழுவிவிட்டு நேராகக் கல்லாவுக்குப் போய், "உங்க கடையில அந்த ஒருத்தரத்தாங்க நம்பி சாப்புடலாம், அவர மட்டும் வுட்றாதீங்க" என்றார். முதலாளி என்னைத்தான் முறைத்தார். கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தானே. அதற்குப் பிறகு அந்த மெஸ் பக்கம் நான் போகவில்லை.

அவர் கால்நடை ஆய்வாளர். திருவண்ணாமலையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிராமங்களுக்கு மொபெட்டில் போவார். மாட்டுக்கு சினை ஊசி போடுவார், தடுப்பூசி போடுவார், கன்று சிக்கிக்கொண்டால் கையை விட்டு எடுப்பார். எல்லோரும் அவரை மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் அப்படிக் கூப்பிட்டாலும் வண்டியை நிறுத்தி, "டாக்டர் இல்லீங்க, ஆய்வாளர். டாக்டருக்குப் படிக்கல நான்" என்று திருத்திவிட்டுத்தான் மேலே பேசுவார். மாடு வயிறு உப்பிக் கிடக்கிறது என்று ஓடி வந்தவனிடமும் முதலில் இதைத்தான் சொல்வார்.

அப்போது நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்த புதுசு. பிளைவுட் தடுப்பு போட்டு நாலு கம்ப்யூட்டர், அடிக்கடி கூவுகிற ஒரு யூபிஎஸ். வெள்ளைக்காரர்கள் வந்து ஊருக்கு மெயில் அனுப்புவார்கள். என் தங்கச்சி மஞ்சுளா வாசலை ஒட்டின டேபிளில் விண்ணப்பம், பயோடேட்டா என்று டைப்பிங் வேலை பார்ப்பாள்.

ஒரு மழை நாளில் அவர் ஒதுங்குவதற்காக உள்ளே வந்தார். சட்டைப் பையில் ஒரு கத்தைத் துண்டுச் சீட்டு, முழுக்க நனைந்திருந்தது. கேட்காமல் கொள்ளாமல் அதையெல்லாம் என் கீபோர்டு மேல் பரப்பிக் காய வைத்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மாடு. யார் வீட்டு மாடு, என்றைக்கு ஊசி போட்டது, எப்போது கன்று போடும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் பொடி எழுத்தில். ரிஜிஸ்டர் இருக்கிறது, ஆனால் அது கால்நடைக் கிளை நிலையத்தில் இருக்கும். குடியானவன் வரப்பில் மடக்கி, "எப்ப சார் போட்டீங்க?" என்று கேட்டால் சீட்டுதான் பதில் சொல்லும்.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது கேபினில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டரை எடுத்து, குச்சி மாதிரி ஒன்றால் அதில் எழுதிக்கொண்டிருந்தார். இவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அது இன்னா?"

சொன்னேன். கையடக்கக் கம்ப்யூட்டர், இதில் ஆயிரம் பேருடைய விலாசம் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"மாட்டையும் வச்சிக்கலாமா?"

"வச்சிக்கலாம் சார்."

"சரி. அதுல இன்னா குறை?"

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. இரண்டு வருஷம்.

எங்கள் பக்கம் இந்த மாதிரிப் பொருள் கிடைப்பதற்கு ஒரே வழிதான். ஆறு மாசம் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்புகிற வெள்ளைக்காரர்கள் சைக்கிள், மெத்தை, கேஸ் அடுப்பு என்று கையில் இருப்பதை விற்றுவிட்டுப் போவார்கள். காபிக் கடை போர்டில் சீட்டு ஒட்டுவார்கள், என் கடைக் கதவிலும் ஒட்டுவார்கள். அப்படிப் பார்த்ததில் மூன்று மாடல் அவர் கண்ணில் பட்டது. ஒன்று, அந்த அம்மா வைத்திருந்த குச்சி மாடல். இன்னொன்று, கண்ணாடிக் கூடு மாதிரி மடக்குகிற மாடல்; விரித்தால் நிஜமான கீபோர்டு, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். மூன்றாவது அதைவிடப் பழசு, சின்னப் புத்தகம் மாதிரி திறக்கும், கால்குலேட்டர் பொத்தான். மூன்றையும் செய்கிற கம்பெனிகள் அந்த மாடல்களை நிறுத்திவிட்டிருந்தன. இதை நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நிறுத்திட்டானா? ஏன் நிறுத்துனான்? அதக் கண்டுபுடிங்க மொதல்ல."

வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்து சாணி வாசனையோடு வருவார். எனக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவார். நான் நெட்டில் தேடிப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். ஒருவன் இந்த மாடல் அருமை என்று எழுதியிருந்தால், "இவன் வேணாம், அடுத்தவன்" என்பார். திட்டி எழுதியவனைக் கண்டால் முகம் மலரும். "இவன் மனுஷன். இவன பிரிண்ட் எடுங்க." குச்சி மாடலில் நாளாக ஆகக் கண்ணாடியில் கீறல் விழுந்து எழுத்துப் பிடிக்காது. மடக்கு மாடலில் திறந்து திறந்து மூடி உள்ளே இருக்கிற பட்டை ஒயர் விட்டுவிடும், வெளிப்பூச்சு பிசுபிசுக்கும். பழைய மாடலில் விளக்கே கிடையாது, மாட்டுக் கொட்டகையில் ஒன்றும் தெரியாது. மூன்றிலும் தமிழ் வராது. இப்படி மூன்று அட்டை ஃபைல் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் எங்கோ இருக்கிற எவனோ ஒருவன் அழுத அழுகை.

"ஏதாவது ஒண்ண எடுங்க சார்" என்று மாதம் ஒரு தடவை கெஞ்சுவேன்.

"எடுக்கலாம். எந்தக் குறையோட காலம் தள்ள முடியும்னு தெரிய வேணாமா? நல்லதோட எவன் வேணா இருப்பான் தம்பி."

இதற்குள் குச்சி மாடல் இரண்டு வந்து விற்றுப் போயின. பழைய மாடல் ஒன்று வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார், பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவருக்கு வருத்தமே இல்லை. "அவருக்கு அந்த வெளக்கு இல்லாத விஷயம் தெரியுமா? சொன்னீங்களா நீங்க?" என்று என்னைத்தான் குடைந்தார்.

மற்றவர் பொருளுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தன் மொபெட்டை விற்க வேண்டும் என்று என் கடை வாசலில் நிறுத்தினார். வந்தவர்களிடம், "காலைல ஸ்டார்ட் ஆவாது, பத்து தடவ மிதிக்கணும். பின் பிரேக்கு பேருக்குத்தான் இருக்குது. வலது பக்கம் இழுக்கும்" என்று வரிசையாகச் சொன்னார். இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மூன்றாவதாக வந்த அவலூர்பேட்டைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்த வண்டி வேணாங்க. நாளைக்கு விழுப்புரத்துல ஒரு வண்டி பாக்கப் போறேன், நீங்க கூட வர்றீங்களா?" என்றார். இவர் லீவு போட்டுவிட்டுப் போனார். அவர் வண்டி வாங்கிவிட்டார். இவருடைய மொபெட் இவரிடமே இருந்தது.

இதையெல்லாம் மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், என் வீட்டு வாசலுக்கு அது வரும் வரை.

மஞ்சுளாவுக்குப் பத்து வயதிலிருந்து பதினாலு வயது வரை வலிப்பு வந்துகொண்டிருந்தது. வேலூர் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தோம். நின்றுவிட்டது. மாத்திரையும் நிறுத்தி எட்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவரிடம் சொன்னது நான்தான். கரண்ட் போயிருந்த ஒரு மத்தியானம், "ஒங்க ஊட்ல இன்னா தம்பி குறை?" என்று சாதாரணமாகக் கேட்டார். ஒன்றரை வருஷமாகக் குறை படித்துப் படித்து எனக்கும் நாக்கு அந்தப் பக்கமே பழகியிருந்தது போல. சொல்லிவிட்டேன்.

ஆறு மாசம் கழித்துப் போளூர்ப் பக்கத்திலிருந்து மஞ்சுளாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் கலெக்டர் ஆபீசில் வேலை, வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது, பூ வைக்க நாள் குறிப்பதாகச் சொன்னார்கள். பிறகு சத்தமே இல்லை. அப்பா ஆள் விட்டு விசாரித்தார். பையனுடைய அப்பா மாடு வைத்திருக்கிறவர். தெரிந்தவராயிற்றே என்று ஆய்வாளரிடம் எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சார் சொன்னீங்க?"

அவருக்கு எதைக் கேட்கிறேன் என்று உடனே புரிந்தது. "கேட்டாரு தம்பி."

"கேட்டா சொல்லிடறதா?"

"எட்டு வருஷமா வரலன்னும் சொன்னனே. மாத்திரை நிறுத்தியாச்சு, நல்லா இருக்குதுன்னும் சொன்னன். பொண்ணு கெட்டிக்காரி, கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு சொன்னன்."

"அதெல்லாம் அவங்க காதுல விழுமா சார்?"

"விழலன்னா, நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு ஜுரம் வந்து மயக்கமாப் படுத்தாலும் அந்த ஊட்ல எப்படிப் பாப்பாங்க? யோசிச்சிப் பாருங்க."

யோசிக்கிற நிலையில் நான் இல்லை. டேபிளில் மஞ்சுளா குனிந்த தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். எதையும் பார்க்காமல் வெறும் எழுத்துகளாக அடித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். "இனிமே இங்க வராதீங்க சார்" என்றேன். மூன்று ஃபைலையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மொபெட்டைப் பத்துத் தடவை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

நாலு மாசம் வரவில்லை. நானும் தேடவில்லை.

மாசி வெயில் ஆரம்பித்த சமயம், வருஷா வருஷம் வருகிற ஒரு சுவிட்சர்லாந்துக்கார அம்மா ஊருக்குக் கிளம்பினார். அவரிடம் ஒரு மடக்கு மாடல் இருந்தது. என்னிடம் கொடுத்து விற்றுத் தரச் சொன்னார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: உள்ளே இரண்டு பென்சில் பேட்டரியோடு ஒரு சின்ன பட்டன் செல்லும் இருக்கிறது. பென்சில் பேட்டரி மாற்றுகிற நேரத்தில் அந்தப் பட்டன் செல்தான் உள்ளே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். இதில் அந்தச் செல் உட்காருகிற இடம் லூஸ், சில நேரம் ஒட்டாது. ஆகவே பேட்டரி மாற்றினால் எல்லாம் அழிந்துபோகலாம், வாங்குகிறவரிடம் இதைக் கட்டாயம் சொல்லிவிடு. மறந்துவிடுவேனோ என்று ஒரு சீட்டிலும் எழுதி மடக்கினதுக்குள் வைத்துக் கொடுத்தார்.

சேதி எப்படியோ ஆய்வாளருக்குப் போய்விட்டது. இரண்டு நாளில் வந்து நின்றார். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி, "அந்த மடக்கு மாடல் வந்துருக்குதாமே தம்பி?" என்றார். கோபித்துக்கொண்டு போன மனுஷனாக வந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அந்தச் சாதாரண முகம்தான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

எடுத்துக் கொடுத்தேன். சீட்டு என் டிராயருக்குள் இருந்தது.

திறந்தார், மூடினார், காதில் வைத்துக் கேட்டார், மோந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"இன்னா குறை?"

"மூலையில பூச்சு உரிஞ்சிருக்கு. வெளிச்சம் கம்மி. கூட வர்ற புக்கு இல்ல. கம்ப்யூட்டரோட சேக்குற கேபிளும் இல்ல."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல சார்."

தலையை ஆட்டினார். எடுத்துக்கொண்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை பேர் புலம்பலையும் இரண்டு வருஷம் படிக்கச் சொல்லிக் கேட்ட மனுஷன், என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

அடுத்த நாளிலிருந்து மெஷினுக்குள் மாடு ஏற ஆரம்பித்தது. சீட்டுகளை ஊர் வாரியாகப் பிரித்துவைத்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாக, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தார். மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்து காட்டுவார். "மங்கலம் முடிஞ்சிது. இன்னிக்கு துரிஞ்சாபுரம் பாதி." ஒரு பெயரைத் தட்டினால் மாடு வந்து நிற்கும். மஞ்சுளாவிடமும் கொண்டுபோய்க் காட்டினார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "தேதிய இப்படிப் போட்டீங்கன்னா வரிசையா வரும் சார்" என்று சொல்லிக் கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னால் விடமுடியாத கோபத்தை இவள் எப்போது விட்டாள்?

"அவர்மேல உனக்குக் கோவமே இல்லியா?" என்று வீட்டில் கேட்டேன்.

"இருந்துது" என்றாள். "அப்புறம், அந்த ஊட்டுக்குப் போயிருந்தா தெனம் பயந்துகிட்டே இருந்திருப்பேன்னு தோணிச்சு. அடுத்து யாராவது வந்தா நானே சொல்லிடறேன்ணா. நீங்க யாரும் நடுவுல வராதீங்க."

பென்சில் பேட்டரி ஒரு மாசம் வரும் என்று நெட்டில் போட்டிருந்ததை நானே படித்துச் சொல்லியிருந்தேன். இப்போது அந்த ஒரு மாசத்தை நான்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் அந்தப் போளூர் ஞாபகம் வந்து அடைத்துவிடும். ஒரு காப்பி எடுத்து என் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் போதும், சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று ஒரு நாள் கடையை மஞ்சுளாவிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து ஒரு கேபிள் வாங்கி வந்தேன். அது குச்சி மாடலுக்கான கேபிள். முனை நுழையவே இல்லை.

அதற்கு மறுவாரம் அவர் வந்தார். ஸ்டூலைத் தொடவில்லை. நின்றபடியே மடக்கு மாடலை டேபிளில் வைத்தார்.

"பேட்டரி மாத்தினேன் தம்பி. எல்லாம் போயிருச்சு."

"சீட்டு?"

"எரிச்சுட்டேன். ரெண்டு எடத்துல இருந்தா கொழப்பம்னு." பிறகு சொன்னார்: "எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. அந்தப் பக்கம் மூடிய மொதல்ல தொறந்திருக்கக் கூடாதோ, என்னவோ."

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. என்னைப் பற்றி நான் எழுத வேண்டிய வரிகளில் இது ஒன்று.

அவர் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். விடிந்ததும் போய், ஊசி போடுகிற வேலையோடு வேலையாக, ஒவ்வொரு மாட்டுக்காரரிடமும் நின்று பழைய கதையைக் கேட்டு எழுதினார். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "மாட்டு டாக்டரு மெஷின்ல போட்டு மாட்டயெல்லாம் தொலச்சிட்டாரு." இவர் அங்கேயும் நின்று, "டாக்டர் இல்லீங்க. ஆனா தொலச்சது நான்தான்" என்றாராம். கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. டிராயரிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் துரிஞ்சாபுரம் போனேன். ஒரு வேப்பமரத்தடியில் மொபெட் மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

சீட்டை நீட்டினேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இது எப்ப வந்துது?"

"மெஷினோடயே வந்துது சார். நான்தான் எடுத்து வச்சிக்கிட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல சார். கோவம்."

திட்டியிருந்தால், ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். அவர் மொபெட் பெட்டியிலிருந்து மடக்கு மாடல் ஃபைலை எடுத்தார். அதை இன்னும் கூடவே சுமந்துகொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில், பட்டன் செல் உட்காருமிடம் லூஸ் என்று எழுதினார். மூடி வைத்தார்.

"கோவம்னா சரி. என் கைதான் ராசியில்லையோ, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையோன்னு பதினஞ்சு நாளா தூங்கல நான்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மீதியிருந்த ஊர்களுக்கு நானும் கூடப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். பவுர்ணமிக்கு மலை சுற்றுகிற கூட்டத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தடவை அடி அண்ணாமலையில் மூணு மணி நேரம் நின்றோம். அவரோடு போவது ஒரு தண்டனைதான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "இவருதான் மெஷின் வித்தவரு. ஒரு விஷயத்த மறச்சிட்டாரு. அப்புறம் அவரே வந்து சொல்லிட்டாரு, இப்ப எழுத வந்திருக்காரு" என்று என்னை அறிமுகப்படுத்துவார். பெண்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். "கேக்கறாங்க இல்ல, யாருன்னு" என்றார். நாற்பது ஐம்பது வீடு. பட்டன் செல் இடுக்கில் ஒரு ஈயக் காகிதத்தை மடித்துச் செருகி மஞ்சுளா அதைச் சரிசெய்தாள். அதற்குப் பிறகு அதில் ஏற்றினது எதுவும் அழியவில்லை. ஆனாலும் அவர் நோட்டை எரிக்கவில்லை.

மஞ்சுளாவுக்கு அடுத்த வருஷமே கல்யாணமானது. சேத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்றே, எல்லோரும் இருக்கும்போது, அவளே சொல்லிவிட்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை வேலூரில் எந்த டாக்டர் என்று மட்டும் கேட்டார்.

பிறகு எனக்குப் பெண் பார்த்தார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு குடும்பம். எல்லாம் பேசி முடிந்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு, ஒருநாள் வருங்கால மாமனார் என் கடைக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார். காபி வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது சொன்னார்.

"உங்களப் பத்தி மூணு பேர்கிட்ட விசாரிச்சோம் மாப்ள. ரெண்டு பேரு தங்கம்னாங்க. மாட்டு ஆய்வாளர் ஒருத்தர் இருக்காரே, அவருகிட்டயும் கேட்டேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கோவம் வந்தா மறைப்பாரு, எங்கிட்டயே ஒரு விஷயத்த ஒன்றர மாசம் மறச்சாருன்னு சொன்னாரு. மொத்தக் கதையும் சொன்னாரு. மாடு மாடா எழுதினதையும் சொன்னாரு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "தங்கம்னு சொன்னா அத வச்சி நான் என்ன பண்றது மாப்ள? அவரு சொன்னப்பறம்தான் ஊட்ல சரின்னு சொன்னோம்."

அவர் போன பிறகு அச்சகத்துக்குப் போய் ஈரம் காயாத பத்திரிகைகளில் ஒன்றை வாங்கி, முதல் பெயராக ஆய்வாளர் பெயரை எழுதினேன். கொடுக்கிற சாக்கில் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும் என்பதுதான் திட்டம். ஒரு மனுஷனுக்கு அடுத்தவன் கல்யாணத்தில் இவ்வளவு வேலையா? கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டில் இல்லை, மங்கலத்தில் இருக்கிறார் என்றார்கள். மங்கலத்துக்குப் போனேன். ஒரு கொட்டகையில் தோள்வரை சோப்பு நுரையோடு, தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கிடாரியின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தார். தலைச்சன் கன்று, தலை திரும்பிக் கிடக்கிறதாம். அந்த வீட்டு அம்மா மூலையில் நின்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வந்துட்டீங்களா? இந்தக் கயித்தப் புடிங்க. நான் சொல்றப்ப மட்டும் இழுங்க. முக்கும்போதுதான் இழுக்கணும்."

பிடித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. புதுச் சட்டை முழுக்கச் சளியும் சாணியும். கடைசியில் கன்று ஒரே வழுக்கில் வந்து என் கால் மேல் விழுந்தது, நானும் விழுந்தேன். மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்து, அது தும்மின பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி, சொல்லுங்க. எதுக்கு வந்தீங்க?"

சட்டைப் பையில் கையை விட்டேன். பத்திரிகை கூழாகியிருந்தது. கேட்க வந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். "நாளைக்கு வர்றேன்."